பச்சை பிக்கப்புக்கு அம்மா சொன்ன பதில்

அப்பா வண்டி தேடிய கதையைப் பெண் பார்த்த கதை என்றுதான் சொல்ல வேண்டும். போவோம், பார்ப்போம், கொடுத்த தண்ணீரைக் குடிப்போம், வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பி வந்துவிடுவோம். தைப்பூசம் கழிந்து தொடங்கியது, பள்ளிக்கூடத்தில் இரண்டாம் தவணைப் பரீட்சை வந்தும் முடியவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. பொறுமை என்ற பொருள் என்னிடம் அன்றும் இருந்ததில்லை, இன்றும் கிடையாது.

பினாங்குப் பாலம் கட்டுவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. நாங்கள் ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அப்பா நில அளவை ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. கல்யாணத்துக்கு முன்னால் அளவைக்காரர்களோடு அளவுச் சங்கிலி தூக்கிக்கொண்டு கெடா மாநிலத்துக் காடுகளில் அலைந்தவர். அங்கே சீக் என்ற ஊருக்கு உள்ளே ஓர் ஆறு உண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாலும் கால்விரல் தெரியும் என்பார். அம்மா குவீன் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடை மாடியில் பிறந்து வளர்ந்தவர். காடு என்றால் அவருக்குத் தாவரவியல் தோட்டத்தில் குரங்குக்குக் கச்சான் கடலை கொடுத்ததுதான். அந்த ஆற்றைப் பற்றி அப்பாவை எத்தனை முறை சொல்லச் சொன்னாலும் அம்மாவுக்குச் சலிக்காது. பிள்ளை வளர்ந்த பிறகு போகலாம், அப்பாவுக்குப் பென்ஷன் வந்த பிறகு போகலாம் என்று அந்தப் பயணம் தள்ளிக்கொண்டே போனது.

அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் அம்மாவின் வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர்கள், ஒன்றும் செய்யாமல் அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அப்பா அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, தெரியும் என்று அம்மாவும் காட்டிக்கொள்ளவில்லை. எனக்குச் சொல்லப்பட்டது வயிற்றுப்புண், காரம் ஆகாது என்பது மட்டும். ஆக, வீட்டில் இருந்த மூன்று பேரில் உண்மையிலேயே ஒன்றும் தெரியாதவள் நான் ஒருத்திதான். அடுத்த மாதமே அப்பா, ஒரு பழைய பிக்கப் வாங்கி அதைக் காட்டுக்கு ஏற்ற மாதிரி கட்டி, மூவரும் அந்த ஆற்றுக்குப் போவோம் என்று அறிவித்தார்.

எங்கள் சின்னக் கார் வெட்டுமரம் ஏற்றிய பாலாக் லாரிகள் போகும் செம்மண் பாதையில் ஒரு மைல்கூடத் தாங்காது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும், வயிறு தட்டாத உயரம் வேண்டும், பின்தட்டில் அம்மா படுத்துவர ஒரு கட்டில் அடிக்க இடம் வேண்டும். புது வண்டி வாங்க வசதியும் இல்லை, அப்பாவுக்கு அதில் நம்பிக்கையும் இல்லை. காட்டுக்குள் நின்றுபோனால் புது வண்டியைத் தள்ளத்தான் முடியும். பழசு என்றால் ஒரு ஸ்பேனரும் ஒரு துண்டுக் கம்பியும் போதும் என்பது அவர் கட்சி.

பழைய வண்டிகள் விற்கிற பட்டறைகள் கடலுக்கு அக்கரையில் இருந்தன. காரோடு ஃபெரி ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கி, பிறை, புக்கிட் மெர்தாஜாம் என்று போவோம். அப்பாவுக்குச் சனிக்கிழமை அரைநாள் வேலை; ஞாயிறு பட்டறைகள் மூடியிருக்கும். அதனால் பார்க்கப் போவது சனிக்கிழமையில்தான். ஆனால் சனிக்கிழமையில் அம்மா இரும்பு வாங்க விடமாட்டார். ஓர் ஆணிகூட வாங்கமாட்டார். அரிவாள்மணை உடைந்த ஒரு சனிக்கிழமை, கத்தி வாங்காமல் கீரையைக் கையாலேயே கிள்ளிப் போட்டுச் சமைத்தவர். கடையிலிருந்து இரும்போடு சனீஸ்வரனும் கூடவே வந்துவிடுவான் என்று பயம். ஆகவே சனிக்கிழமை பார்த்து, பிடித்திருந்தால் திங்கட்கிழமை அப்பா லீவு போட்டு வந்து வாங்குவது என்று ஏற்பாடு. இன்னொரு விதியும் இருந்தது. நகையானாலும் நாற்காலியானாலும், வீட்டுக்குள் வருகிற பெரிய சாமானுக்கு அம்மா வாயால் சரி என்று வர வேண்டும். அப்பா தன் கல்யாணச் சட்டைத் துணியைக்கூட அம்மா வீட்டில் காட்டிவிட்டுத்தான் தைத்தாராம்.

பட்டறைக்குள் அம்மாவால் நடக்க முடியாது. கேட்டுக்குப் பக்கத்தில் நிழல் பார்த்துக் காரை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்துவைத்து, பார்லித் தண்ணீர் பிளாஸ்க்கோடு அவர் உட்கார்ந்திருப்பார். அப்பா உள்ளே போய் வேலையைத் தொடங்குவார். தரையில் பேப்பர் விரித்து வண்டிக்கு அடியில் படுப்பார். அடிச்சட்டத்தை ஸ்குரூடிரைவரால் தட்டிக்கொண்டே போவார். சத்தம் மந்தமானால் துரு. சட்டைப் பையில் ஒரு காந்தத் துண்டு இருக்கும். அதைக் கதவில் வைத்துப் பார்ப்பார். ஒட்டாமல் விழுந்தால் அந்த இடத்தில் தகரம் இல்லை, பூச்சுதான். எல்லாம் முடிந்ததும், "பாப்பா, அம்மாகிட்ட போயி சொல்லு" என்பார். நான் ஓடுவேன்.

அம்மா சொல்லும் குறைகள் இருக்கிறதே! நீல வண்டியின் கதவைச் சாத்தினால் பிஸ்கட் டின் மாதிரி சத்தம் வருகிறதாம், அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டதாம். இன்னொன்றில் மீன் ஏற்றியிருப்பார்கள், வாடை போகாதாம். வெள்ளை வண்டியின் நம்பரைக் கூட்டினால் எட்டு. ஒன்றுக்கு விளக்குகள் ஒன்றரைக் கண் மாதிரி இருக்கிறதாம்! நான் குறையைச் சுமந்துகொண்டு திரும்பி ஓடுவேன். அப்பா கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் பேப்பரை மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுஷன் ஒருமணி நேரம் மண்ணில் புரண்டிருக்கிறார், இந்த அம்மாவுக்கு விளக்கு ஒன்றரைக் கண்ணாம்!

அவர்கள் இருவரும் மட்டும் கோபப்பட்டதே இல்லை. திரும்பும்போது ஃபெரியில் அம்மாவைக் காரிலிருந்து இறக்கி, அப்பா மெல்லக் கம்பி ஓரமாக நடத்திக்கொண்டு போவார். காற்றில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அம்மா அன்று பார்த்த வண்டியை இன்னும் கொஞ்சம் கேலி செய்வார். அப்பா சிரிப்பார். வாரம் முழுக்க வீட்டில் மருந்து நெடிதான். அந்தச் சிரிப்பு சனிக்கிழமை ஃபெரியில் மட்டும்தான் கேட்டது. நான் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி முறைத்துக்கொண்டு நிற்பேன்.

எனக்கும் ஒரு மானப் பிரச்சினை இருந்தது. வகுப்பில் எல்லாரிடமும், நாங்கள் காட்டுக்குப் போகிறோம், யானை பார்க்கப் போகிறோம் என்று பீற்றிக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் ஆகிவிட்டது. "எங்கடி ஒங்க ஜீப்பு, இன்னும் ஃபெரியிலேயே வருதா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வண்டி எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.

பச்சை பிக்கப்பை நாங்கள் பார்த்தது புக்கிட் மெர்தாஜாமில், ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், பட்டறையில். அப்பா தட்டிய இடமெல்லாம் கணீரென்றது. காந்தம் எங்கே வைத்தாலும் ஒட்டியது. கியருக்குப் பக்கத்தில் நாலு சக்கரத்துக்கான சின்னக் கம்பி இருக்குமே, அதை அப்பா ஒரு விரலால் தள்ளியே போட்டுவிட்டார். முன் சீட்டு மூன்று பேர் நெருங்கி உட்காரும் நீளச் சீட்டு. நான் பின்தட்டில் ஏறிக் குதித்துப் பார்த்தேன், அசையவில்லை. அப்பா வண்டியைச் சுற்றி வந்து, "ம்" என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

ரப்பர் தோட்டத்தில் பழகிய தமிழில் தவுக்கே சொன்னார்: "அண்ணே, திங்கக்கெழமை காலையிலே ஈப்போ ஆளு வரும்லா. இப்பவே பணம் வைக்காட்டி போச்சு. பொறவு நம்மளத் திட்டாதே." அப்பா தயங்கினார். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டுவரச் சொல்லி என்னை அனுப்பினார்.

நான் மூச்சிரைக்கச் சொன்னேன். அம்மா நம்பரைக் கேட்டார், கூட்டினால் ஐந்து. வாடை இல்லை. கதவுச் சத்தம் நன்றாக இருக்கிறது. விளக்கு நேராக இருக்கிறது. அம்மாவுக்குக் குறை எதுவும் அகப்படவில்லை. கொஞ்ச நேரம் மடியில் இருந்த பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, "இன்னைக்கு சனிக்கெழமை பாப்பா. அடுத்த வாரம் வந்து பாப்போம்னு அப்பாகிட்ட சொல்லு" என்றார்.

பாதி வழியில் பழைய டயர்கள் குவிந்திருந்தன. அங்கே நான் நின்றேன். அடுத்த வாரம் இந்த வண்டி ஈப்போவில் இருக்கும். நின்றது ஒரு நிமிஷம்கூட இருக்காது. அப்பாவிடம் போய், "அம்மா சரின்னுட்டாங்கப்பா. சனிக்கெழமையா இருந்தாலும் பரவால்லையாம். இன்னைக்கே வாங்கிரச் சொன்னாங்க" என்றேன்.

அப்பா கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார். "அம்மாவா சொன்னாங்க?" என்றார். ஆமாம் என்றேன். "சனிக்கெழமைன்னு தெரிஞ்சா சொன்னாங்க?" அதற்கும் ஆமாம் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு லாரிக் கூட்டுக்குப் பின்னால் போனார். வெகுநேரம் வரவில்லை. தவுக்கே விலையைக் குறைக்கட்டும் என்று அப்பா தந்திரம் செய்கிறார் என நினைத்து நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். வந்தபோது குழாயடியில் முகம் கழுவியிருந்தார். சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டு முன்பணம் கொடுத்தார்.

காருக்குப் போனதும் அப்பா அம்மாவின் பக்கத்துக் கதவோரம் குந்தி உட்கார்ந்தார். "பணம் குடுத்துட்டேன். நீ சொல்லி அனுப்புனியாமே" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நான் இரண்டு கைகளையும் கூப்பினேன். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவின் சிவந்த கண்களைப் பார்த்தார். அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றார்.

தப்பித்தேன் என்று நினைத்தேன். ஃபெரியில் அன்று அவர்கள் காரை விட்டு இறங்கவில்லை. நான் மட்டும் மேலே ஓடிப்போய் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குச் சனிக்கிழமைகள் இல்லை. ஜெலுத்தோங்கில் ஒரு கூட்டாளியின் பட்டறையில் வண்டியைப் போட்டு அப்பா வெறிபிடித்த மாதிரி வேலை செய்தார். ஆபீஸ் விட்டதும் நேரே அங்கேதான். ஸ்பிரிங் மாற்றி உயரத்தைத் தூக்கினார், காட்டு டயர் போட்டார், பின்தட்டில் குழாய்க் கம்பியால் கட்டில் அடித்தார். அம்மா வீட்டில் ஜன்னலோரம் படுத்துக்கொண்டு, அப்பா வந்துட்டாரா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு சனிக்கிழமை, "நாம ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போயி ஃபெரியில ஒரு சுத்து சுத்திட்டு வருவோமா?" என்றார். எனக்குக் கீழே விளையாட்டு காத்திருந்தது. வண்டி வந்ததும் அதிலேயே போகலாம்மா என்று சொல்லிவிட்டு ஓடினேன். நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது அம்மா போய்விட்டார். பின்தட்டுக்குக் கூடாரத் துணி கட்டுவது ஒன்றுதான் பாக்கி. வண்டி எந்தக் காட்டையும் பார்க்கவில்லை. ஆயர் ஈத்தாம் பாசாரில் காய்கறி விற்கிற ஒருவர் வாங்கிக்கொண்டார். உயரம் அதிகம், கோஸ் மூட்டை ஏற்ற முடியவில்லை என்று அவர் ஸ்பிரிங்கை மறுபடியும் இறக்கிவிட்டார்.

பல வருஷம் கழித்து, என் கல்யாணத்துக்கு முந்தின வாரம், பத்திரிகைக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்த அப்பா பேனாவை வைத்துவிட்டு அந்த நாளைப் பற்றித் தானாகப் பேசினார். "சனிக்கெழமையில ஒரு ஆணி வாங்க மாட்டா உங்கம்மா. அன்னைக்கு வாங்குங்கன்னு சொல்லி அனுப்புனா பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு. இனிமே நாள் இல்லைங்கறதை என்கிட்ட நேரா சொல்ல முடியாம ஒன்கிட்ட சொல்லி விட்டிருக்கா. அதான் நான் அப்படி ஓடுனேன், எப்படியாச்சும் முடிச்சிரணும்னு."

நான் அவர் வைத்த பேனாவை எடுத்து அடுத்த முகவரியை எழுதினேன். அவர் அத்தனை வருஷம் தாங்கிக்கொண்டிருந்த அம்மாவின் கடைசி வார்த்தை நான் டயர் குவியலருகே நின்று கட்டிய பொய் என்று எப்படிச் சொல்வேன்? அம்மாவே எனக்காகவோ அவருக்காகவோ அதைத் தன்னுடையதாக்கிக்கொண்ட பிறகு, அதைப் பிடுங்க நான் யார்? ஆனால் அம்மா கொடுத்தனுப்பியது வேறு. அடுத்த வாரம் வந்து பார்ப்போம் என்றுதான் அவர் சொல்லச் சொன்னார். அவருக்கு ஆறும் வேண்டாம், வண்டியும் வேண்டாம், இன்னொரு சனிக்கிழமை போதும் என்று கேட்டிருக்கிறார். பத்து வயதில் அது என் காதில் இன்னொரு சாக்காகத்தான் விழுந்தது.