சின்னக் கைக்குப் பெரிய துப்பாக்கி

ஆர்டிஸ் டோலெஃப்சனின் அறுபத்திரண்டாவது பிறந்தநாளுக்கு அவளுடைய கொழுந்தன் டுவேன் ஒரு கைத்துப்பாக்கி வாங்கிக் கொடுத்தான். ஊதா நிறப் பிடி, உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும் அளவு. "பொம்பளை கை சின்னது. அதுக்குச் சின்னத் துப்பாக்கிதான் தோது" என்றான். கிழக்கு மான்டானாவில் நாற்பது வருடமாக மான் சுடுகிறவன் சொல்கிறான், யார் மறுப்பது?

வாங்க வேண்டிய கட்டாயம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் சமைத்து ஓய்வு பெற்றவள் ஆர்டிஸ். கணவன் லைல் இறந்துபோய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. பக்கத்து வீடு நான்கு மைல் தள்ளி. ஆகஸ்டில் எவனோ பட்டப்பகலில் கொட்டகைக்குள் புகுந்து டீசலை உறிஞ்சிக்கொண்டு போனான். சமையலறை ஜன்னலில் நின்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஷெரிஃப் வந்து சேர ஐம்பது நிமிடம்.

மகன் கர்ட் பில்லிங்ஸ் நகரத்திலிருந்து போனில் கெடு வைத்துவிட்டான். "அக்டோபர் முதல் ஞாயித்துக்கிழமை வர்றேன்மா. ஏழு கெஜத்துல ஒரு காகிதத் தட்டு. அஞ்சுக்கு அஞ்சு அடிச்சுக் காட்டு. இல்லன்னா என் பக்கத்துல ஒரு ஃபிளாட் பாத்து வெச்சிருக்கேன், பேசாம வந்துடு."

லைல் தன் கையால் கட்டிய வீடு அது. அதை விட்டுப் போவது என்ற நினைப்பே அவளுக்குச் சோற்றில் மண் விழுந்த மாதிரி இருந்தது.

சரளைக் குழியில் பயிற்சி ஆரம்பித்தது. தோட்டாவை ஏற்ற மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். மூட்டுவலி பிடித்த விரல்களுக்கு அது மசியவில்லை. டுவேன்தான் இழுத்துக் கொடுத்தான். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். அந்தப் பொடித் துப்பாக்கிக்கு எடையே இல்லை. உதை முழுவதும் அவள் கையில் இறங்கியது. கட்டைவிரல் பக்கம் தோல் கிழிந்தது. தட்டு முழுசாக நின்றது.

"பழகப் பழகச் சரியாயிடும்" என்றான் டுவேன்.

ஆகவில்லை. மூன்றாவது வாரம், விசையைத் தொடும் முன்பே அவள் கண்ணை மூடிக்கொண்டாள். குற்றம் தன்னுடையது என்று முடிவு கட்டி, வீட்டைக் காலி செய்ய முதல் அட்டைப்பெட்டியில் பன் சுடும் பெரிய தட்டை வைத்து ஒட்டினாள். ஒட்டிவிட்டு அழுதாள்.

தீவனக் கடையில் அவள் கைக்கட்டைப் பார்த்தவள் லவோன். மாட்டு வைத்தியரிடம் வேலை செய்பவள். ஆர்டிஸ் கையால் எட்டு வருடம் மதியச் சாப்பாடு சாப்பிட்டவள்.

"மிஸஸ் டோலெஃப்சன், இது சின்னத் துப்பாக்கி கடிச்ச காயம்தானே? யாரு அதை உங்க தலையில கட்டினது?"

"டுவேன்."

"அவரு அதை ஒரு தடவையாவது சுட்டுப் பாத்தாரா?"

ஆர்டிஸ் யோசித்தாள். இல்லை. இழுத்துக் கொடுத்தானே தவிர, ஒரு குண்டுகூட அவன் சுடவில்லை.

"சனிக்கிழமை துப்பாக்கி கிளப்புக்கு வாங்க. பீன்ஸை மிச்சம் வெச்சேன்னு மூணாங்கிளாஸ்ல என்னை நிக்க வெச்சீங்களே, அந்தக் கணக்கைத் தீத்துக்கறேன்."

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே பெண்கள் மட்டும். வருகிறவர்கள் தங்கள் துப்பாக்கியைக் காலி செய்து நீண்ட மேசையில் வைத்துவிடுவார்கள். புதிதாக வந்தவள் எதை வேண்டுமானாலும் எடுத்துச் சுட்டுப் பார்க்கலாம். எட்டு இருந்தன. ஆர்டிஸ் சின்னதாகப் பார்த்துப் பார்த்து எடுத்தாள், ஒவ்வொன்றின் உதைக்கும் நெளிந்தாள். கடைசியில் கிடந்தது கறுப்பு இரும்பு, சாயம் தேய்ந்த தடியன்.

"அது ஆம்பளைங்க துப்பாக்கிடி" என்றாள் ஆர்டிஸ்.

"ஏன், அதுக்கு மீசை இருக்கா?" லவோன் தோட்டாக்களைப் போட்டு நீட்டினாள். "இந்தாங்க. ஸ்லைடை இழுக்காதீங்க. இடது கையால மேல கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, வலது கையால பிடியை முன்னால தள்ளுங்க. மாவு பிசையறப்ப தள்ளுவீங்கல்ல, அப்படி."

மாவு தள்ளுவது ஆர்டிஸுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா? ஸ்லைடு வழுக்கிக்கொண்டு திறந்து, தோட்டா ஏறியது. சுட்டாள். அந்தக் கனம் உதையைத் தானே விழுங்கிக்கொண்டது. கைக்கு வந்தது ஒரு தள்ளல் மட்டும். தட்டில் ஓட்டை விழுந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, நிற்கவே இல்லை. அடுத்த வாரமே அதே மாதிரி ஒன்றைப் பழையதாகத் தேடி வாங்கிவிட்டாள்.

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை கர்ட் வந்தான். டுவேனும் சரளைக் குழிக்கு வந்து, தடியனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "இதைத் தூக்கவே உனக்கு ஆள் வேணும், ஆர்டிஸ்."

அவள் ஏழு கெஜத்தில் நின்று சுட்டாள். ஐந்து குண்டு. கர்ட் நடந்துபோய்த் தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பி எண்ணினான். நான்கு ஓட்டை. அவன் ஓரத்தை விரலால் தடவினான்.

"இங்க கிழிஞ்சிருக்கு. அஞ்சும்மா."

அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வண்டியின் பின்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

டுவேனுக்குப் பொறுக்கவில்லை. புதுத் தட்டு ஒன்றை மாட்டி, ஊதாவை எடுத்து ஒரு குண்டு சுட்டான். "ஐயோ!" என்று கையை உதறினான். தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பழகப் பழகச் சரியாயிடும்" என்றாள் ஆர்டிஸ்.

வீட்டுக்கு வந்ததும் கர்ட் அட்டைப்பெட்டியைப் பார்த்து நின்றான். "ஃபிளாட்காரர்கிட்ட என்னம்மா சொல்றது?"

"வரலைன்னு சொல்லு. முதல்ல அந்தப் பெட்டியைப் பிரி, பன் தட்டு அதுக்குள்ளதான் இருக்கு."