மணலில் வந்த நீலம்

1986 பனிக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குளிருக்கு ஒதுங்கத்தான் நானும் கணவரும் ரொறன்ரோ அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். பழைய எகிப்தியக் கூடத்தில் ஒரு சிறு கிண்ணத்தின் முன்னால் நின்றவள் நின்றதுதான். பளபளக்கும் நீலம், அதன்மேல் கறுப்புக் கோடுகளில் தாமரையும் மீனும். அருகிலிருந்த குறிப்பை வாசித்தேன். ஃபயான்ஸ் என்று பெயராம்.

“இஞ்சேருங்கோ, உது களிமண்ணே இல்லை! மணலும் சோடா உப்பும் செம்புமாம்!”

“அதுக்கேன் கத்துறீர்? எல்லாரும் பாக்கினம்.”

மன்னாரில் ஏழு வருடம் இரசாயனவியல் படிப்பித்தவள் நான். இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். கத்தாமல் என்ன செய்வேன்?

அடுத்த மாதமே சமூக நிலையத்தில் சனிக்கிழமை மட்பாண்ட வகுப்பில் சேர்ந்தேன். ஃபயான்ஸ் செய்யவேண்டும் என்று நான் சொன்னதைக் கேட்டு, வகுப்பை நடத்திய பெண் சிரித்தபடி மணலையும் உப்புகளையும் செம்புத்தூளையும் எடுத்துத் தந்தாள். குழைத்தால் ஈர அரிசிமாப்போல உதிர்ந்தது, சக்கரத்தில் நிற்கவேயில்லை. ஒரு சூப் கோப்பைக்குள் துணி விரித்து, அமத்தி அமத்திக் கிண்ணமாக்கினேன். மங்கனீசுக் கறுப்பால் ஒரு மீனும் கீறினேன்.

காயக் காய உப்பு மேலே வந்து வெள்ளையாய்ப் பூக்கும், சூளையில் அதுதான் உருகிக் கண்ணாடியாகும், தொடவே கூடாது என்றாள் அவள். அடுத்த சனிக்கிழமை அது பூத்திருந்தது; நான் கை கழுவப்போன நேரம் பார்த்து, என்னைக் கூட்டிப்போக வந்த கணவர் கிண்ணத்தைக் கண்டிருக்கிறார்.

“முழுக்கத் தூசியப்பா. ஒரு பக்கம் துடைச்சு விட்டனான்” என்றார், கையில் லேஞ்சித் துணியோடு.

“ஐயோ, அதுதானப்பா பளபளப்பு!”



அதற்கடுத்த சனிக்கிழமை சூளை திறக்கும்போது அவரும் வந்தார். மூடியைத் தூக்கியதும் நீலம்! நனைந்ததுபோல மின்னும் நீலம், அதற்குள் என் கறுப்பு மீன். துடைத்த பக்கம் மட்டும் சொரசொரவென்று மங்கிக் கிடந்தது. வகுப்பே ஓடிவந்து சூழ்ந்துகொண்டது. நான் சின்னப் பிள்ளைபோலக் குதித்தேன்.

கணவர் மங்கிய பக்கத்தைத் தடவிப் பார்த்தார். “என்ர பிழைதான். ஆனா உம்மட பக்கம் என்ன வடிவப்பா!”

பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்ததுதான் தாமதம், நான் வாயைத் திறக்குமுன் கணவரே தொடங்கிவிட்டார், மணலையும் செம்பையும் பற்றி. இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டிவிட்டோம். பனிக்குள் சிரித்துச் சிரித்துத் திரும்பி நடந்தோம்.