எதிரே வந்த வண்டி

என் அக்கா வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஓய்வு பெற்று நாலைந்து வருஷம் ஆகிறது. ஆனால் அவருக்குள் ஓடும் பஸ் இன்னும் டிப்போவுக்குப் போகவில்லை. கல்யாண வீடோ ஆஸ்பத்திரியோ, சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிடுவார். ஒருமுறை அக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே காரை எடுத்துவிட்டார். தெருமுனைக்குப் போன பிறகுதான் பக்கத்து ஸீட் காலி என்று தெரிந்ததாம். நான் அவரை முகத்துக்கு நேராகவே ‘டைம்கீப்பர்’ என்றுதான் கூப்பிடுவேன். கொழுந்தியாளுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

அவருக்கு வாய்த்த மகனோ பிறக்கும்போதே நாள் தள்ளிப் பிறந்தவன். பள்ளிக்கூடம், வேலை என எல்லாவற்றுக்கும் தாமதம். அப்பாவின் பிரிவுபசார விழாவுக்கு அவன் வந்து சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் அவனுக்கென்று போட்ட நாற்காலி கடைசிவரை காலியாகவே கிடந்தது. அத்தான் எல்லோர் முன்னாலும், "இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார். அவனும் ரோஷக்காரன், மிதிக்கவில்லை. அவனுக்குப் பெண் பிறந்தாள், நடந்தாள், பேசவும் ஆரம்பித்தாள். அக்கா பேத்தியைப் போனில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் பக்கத்து அறையில் இருந்தபடி காதை மட்டும் இங்கே அனுப்பிவைப்பார்.

கடைசியில் அக்காதான் வழி கண்டுபிடித்தாள். அவன் வீடும் வேண்டாம், இவர் வீடும் வேண்டாம், பொதுவாக ஓர் இடம். மகன் ஒரு ரிசார்ட்டில் அறை போட்டான். மலைச்சாலைக்கு மேலே, குழந்தை குட்டிகளோடு வந்து தங்குகிற இடம். பெரிய கண்ணாடிக் கூரை, அதற்குக் கீழே ஒரு கடற்கரை. மணல் உண்டு, மோட்டாரில் கிளம்பும் அலை உண்டு, பிளாஸ்டிக் தென்னை மரங்கள் உண்டு. மணி அடித்தால் ஒலிபெருக்கியில் இடி இடிக்கும், கூரைக் குழாய்களிலிருந்து மழை கொட்டும்.

கிளிப் படம் போட்ட சட்டைக்காரர்கள் வாசலிலேயே அக்காவுக்கும் அத்தானுக்கும் துணிப்பூ மாலை போட்டார்களாம். அத்தான் கார் சாவியால் தென்னை மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தேங்காயை போல்ட் போட்டு முறுக்கி வச்சிருக்கான். தலையில விழாது, தைரியமா உக்காரு" என்றாராம். பேத்திக்காக அக்கா வாங்கிப் போயிருந்த வாத்து மிதவையை, பம்பு வேண்டாம் என்று மூச்சுப் பிடித்து வாயாலேயே ஊதினார். மழை மணி அடித்ததும் அக்கா ஓடிப்போய் நடுவில் நின்றாள். அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். "அவரு வாய்விட்டுச் சிரிச்சாருடி" என்று அன்றே எனக்குப் போன். அவ்வளவு சந்தோஷமான குரலில் அக்கா பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

மதியமே வருவதாகச் சொன்ன மகன் வரவில்லை. குழந்தைக்கு உடம்பு சூடாக இருக்கிறது, நாளைக்குப் பத்து மணிக்குக் கண்டிப்பாக வந்துவிடுகிறேன் என்று போன் செய்தான்.

மறுநாள் அத்தான் விடிந்ததிலிருந்து ஜன்னலில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தடித்தது. யாருக்கும் காத்திருக்காத மனிதர், இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பையைத் தூக்கினார்.

"மத்தியானம் வரைக்கும் ரூம் நம்மளுதுங்க. கொஞ்சம் இருங்களேன்."

"பத்துன்னு சொன்னது அவன்தானே?"

அக்கா கார் சாவியை வாத்துக்கு அடியில் ஒளித்து வைத்தாள். அவர் நேராகப் போய் எடுத்துவிட்டார். காரில் ஏறியதும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதவள், மலை இறங்கும் வரை துண்டை எடுக்கவே இல்லை.

அன்று இரவு மகன் போன் செய்தான். "நான் எதிர்ல வந்தேன்மா. லைட் போட்டுக் காட்டினேன். அப்பா பார்த்துட்டுத்தான் போனாரு."

அக்கா பொரிந்து தள்ளிவிட்டாள். "உங்கப்பாவுக்குக் கோபம் வரும், கல்நெஞ்சு கிடையாதுடா. பார்த்திருந்தா நிறுத்தியிருப்பாரு. இந்த வார்த்தையை வாபஸ் வாங்குற வரைக்கும் எனக்குப் போன் பண்ணாதே!"

அவன் வாங்கவில்லை. போனில் தெரிந்துகொண்டிருந்த பேத்தி முகமும் அதோடு நின்றது.

ஒருநாள் அக்கா கடைக்குப் போயிருந்த நேரம். அத்தான் எதிரில் உட்கார்ந்து நான் அந்தப் பயலை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

"அவனைத் திட்டாதேம்மா" என்றார். "ரெண்டு தடவை லைட் போட்டான். எதிர்ல பஸ் வந்தா நாங்க அப்படித்தான் போடுவோம். சின்னப் பையனா இருக்கும்போது என் பஸ்ல அவன்தான் அந்த சுவிட்சைத் தட்டுவான். என் கால் பிரேக்குக்குப் போச்சும்மா. போன கால் திரும்பி வந்துடுச்சு. வண்டியைத் திருப்பிட்டுப் பின்னாலேயே வரட்டுமேன்னு நெனச்சேன். கண்ணாடியில பார்த்தேன், ஓரமா நிறுத்திட்டான். பின் ஸீட்ல குட்டி எழுந்து நின்னு பார்த்துட்டு இருந்துச்சு. அதுக்குள்ள வளைவு வந்துடுச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அறைந்திருப்பேன். "அக்கா வந்ததும் சொல்லித் தொலைங்க அத்தான்!"

"எனக்காகப் பெத்த புள்ளையையே வேணாம்னுட்டா. அவகிட்ட என்னன்னு சொல்லட்டும்?"

அப்புறம் அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றி மகனிடம் வந்தது. "நீயே சொல்லு, பார்த்திருந்தா இவரு நிறுத்தாம போயிருப்பாரா?" என்று அக்கா என்னைக் கேட்டாள். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நேரமாச்சு, கிளம்பலாம்."

"பாத்தியா, பஸ் கிளம்பிடுச்சு!" என்று சிரித்தபடி அக்கா செருப்பைத் தேடினாள்.

ஆனால் பஸ் கிளம்பவில்லை. அவர் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அக்கா செருப்பு மாட்டி, மறந்த பையை எடுக்கத் திரும்ப உள்ளே வந்து, என்னிடம் இன்னும் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகும் வரை அப்படியே நின்றார். இப்போதெல்லாம் அவர் இப்படித்தான்.

"வயசானதும் எப்படி மாறிட்டாரு பாரு" என்று கார் ஜன்னல் வழியாக அக்கா என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.