மாலை தாங்காத ரேக்

லூர்து மேரி இறந்த செய்தி எனக்குப் பழுதுப் பதிவேட்டின் வழியாக வந்தது. காலை ஷிப்டில் இருந்த செந்தில், அவர் வீட்டிலிருந்து தொலைபேசி வந்ததும், அதை எங்கே எழுதுவது என்று தெரியாமல், எங்கள் அறையில் எல்லாவற்றையும் எழுதும் இடத்திலேயே எழுதிவிட்டார். பழுதின் தன்மை: மேரியக்கா காலமானார். அவசர நிலை: ஒன்று. மாற்று ஏற்பாடு: இல்லை. பதிவேட்டைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது என் வேலை. செந்தில் எழுதியவற்றில் நான் திருத்தம் எதுவும் செய்யாமல் கையெழுத்திட்டது அது ஒன்றில்தான்.

அடக்கத்துக்கு வேடசந்தூர் மாதா கோயிலில் கூடியபோது நாம் இரண்டு அணியாக நின்றோம். மில் அணிக்கு மேரி, நூல் நூற்கும் ரிங் பிரேம் பிரிவில் இருபது வருடம் நடந்த சைடர். டேட்டா சென்டர் அணிக்கு அவர், கண்ணாடி இழைக் கேபிள்களின் பொறுப்பாளர். ஓர் அணி சொன்னதை மற்ற அணி நம்பவில்லை. ஒரே ஆளைத்தான் புதைக்கிறோமா என்று ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஆகவே இரு தரப்புக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன்.

டேட்டா சென்டர் அணிக்கு: சைடர் என்பவர் சுற்றிக்கொண்டே இருக்கும் நூற்றுக்கணக்கான கதிர்களுக்கு முன்னால் எட்டு மணி நேரம் நடப்பவர். எங்கே இழை அறுந்தாலும், இயந்திரத்தை நிறுத்தாமல், பக்கத்து இழையைத் தொடாமல், விரல் நுனியால் ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். மேரி நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பயிரிடும் வீட்டில் பிறந்து வேடசந்தூரில் வாழ்க்கைப்பட்டவர். பூக் கட்டிய விரல்கள் மில்லுக்கு வந்தன. பதிலுக்கு மில் அவருக்கு ஓர் இருமலைக் கொடுத்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அந்த இருமலைக் கேட்டே அவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்று மேஸ்திரி சொல்லிவிடுவாராம்.

மில் அணிக்கு: டேட்டா சென்டர் என்பது பிறருடைய கம்ப்யூட்டர்களைக் குளிரில் வைத்துப் பாதுகாக்கும் குடோன். நம் மில்லில் அது உண்மையாகவே குடோன்தான். எம்.டி.யின் மகன் வெளிநாட்டில் படித்துத் திரும்பியதும் பருத்தி மூட்டைகளை வெளியேற்றிவிட்டு, ஆள் உயர இரும்புச் சட்டங்களை வரிசையாக நிறுத்தினார். இந்தச் சட்டத்துக்கு ரேக் என்று பெயர். அதில் ஒரு சாணுக்கும் குறைவான உயரத்துக்குள் நூற்று நாற்பத்து நான்கு துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு மஞ்சள் கேபிள். ஒவ்வொரு கேபிளுக்குள்ளும் தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை, அதற்குள் வெளிச்சம். கேபிளை இறுக்கினாலோ மடக்கினாலோ வெளிச்சம் போய்ச் சேராது. இடத்தை மிச்சம் பிடிக்கும் அற்புதமான ஏற்பாடு என்று விளம்பரத்தில் இருந்தது. மிச்சம் பிடித்த இடத்தில் மனித விரலுக்கான இடமும் அடக்கம் என்பது விளம்பரத்தில் இல்லை.

அதைக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் பொறியாளர்கள். ஒரு கேபிளைக் கழற்றினால் பக்கத்தில் இரண்டும் சேர்ந்து வந்தன. அப்படி வந்த ஒன்றில் எம்.டி.யின் மின்னஞ்சல் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் மேனேஜர் சுந்தரராஜன் மில்லுக்குள் போய், விரல் மெலிந்த மூன்று பெண்களைத் தேர்ந்து கூட்டிவந்தார். பெண்பார்க்கும் படலத்தில்கூட விரலை இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை என்று மில்லில் பேசிக்கொண்டார்கள். வந்த மூவரில் இருவர் குளிர் தாங்காமல் ஒரு வாரத்தில் திரும்பிவிட்டார்கள். மேரி மறுநாள் கணவரின் ஸ்வெட்டரும் மகனின் குரங்குக் குல்லாவுமாக வந்தார். வெளியே வேடசந்தூர் வெயிலில் மில் பஸ்ஸிலிருந்து அந்தக் கோலத்தில் இறங்கியவரைப் பார்த்துக் காவலாளி, "ஏத்தா மேரி, கொடைக்கானல் பஸ்ஸு மாறிருச்சா?" என்று கேட்டார்.

"நான் வேலைக்குப் போற எடமே கொடைக்கானலுதாண்ணே. நீ வெயில்லயே வாடு" என்றார் மேரி.

கோப்பு எழுதும் என் மேசை அந்த அறைக் கதவுக்கு அருகில் இருந்தது. மூன்று மாதம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். இருமல் சத்தம் இல்லை. தூசு வடிகட்டிய காற்று கம்ப்யூட்டர்களுக்காகப் போட்டது. அதன் முதல் பயனாளி மேரிதான்.

அவருடைய வேலைமுறை எளிமையானது. இடது பாதித் துளைகளின் கேபிள்கள் இடப்பக்கமாகவும், வலது பாதி வலப்பக்கமாகவும் போக வேண்டும். எதுவும் இன்னொன்றின் முன்னால் தொங்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் ஒரு முழம் கூடுதலாக விட்டு, பக்கவாட்டில் வளையமாகச் சுருட்டி, துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டிவைப்பார். ரேக் விற்ற கம்பெனியின் பொறியாளர் வந்து, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பட்டையால் இழுத்து இறுக்கி, ராணுவ அணிவகுப்பு போல ஆக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வருவதற்குள் மேரி கத்தரிக்கோலால் அத்தனை பட்டையையும் வெட்டிவிட்டார்.

"பூவக் கட்டுனா நாரு பூவப் புடிக்கணும் சார், நசுக்கக் கூடாது. இது கண்ணாடிங்கிறீங்க. பூவவிட மோசம்ல?" என்றார்.

"அந்த ஒரு முழம் எதுக்கும்மா வேஸ்ட்டா?" என்று அவர் கேட்டார்.

"நாளைக்கு எவளோ ஒருத்தி வந்து இத வேற எடத்துக்கு மாத்துவா. எட்டலைன்னா என்னையத்தான் வைவா. முகம் தெரியாதவகிட்ட எதுக்கு நான் வசவு வாங்கணும்?"

பொறியாளர் பையிலிருந்து தன் கம்பெனிக் கையேட்டை எடுத்துப் புரட்டினார். அதில் ஏறக்குறைய அதையேதான் எழுதியிருந்தார்கள். எவளோ ஒருத்தியைப் பற்றி மட்டும் இல்லை.

ரேக்குகள் தயாராகி ஒரு வருடம் ஆகியும் வெளியார் ஒருவரும் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைக்கவில்லை. திண்டுக்கல்லைத் தாண்டி ஒரு நூற்பாலைக்குள் தங்கள் ரகசியங்களை வைக்க அவர்கள் யோசித்தார்கள். எம்.டி. பொறுமை இழந்தார். சென்னையிலிருந்து ஒரு நிறுவனத்தின் தணிக்கையாளர் விஜயதசமி அன்று பார்வையிட வருகிறார், அவரும் வேண்டாமென்றால் குடோனில் மறுபடி பருத்தி ஏறும் என்று சொல்லிவிட்டார். பொறியாளர்களுக்கு வேறு ஊர் இருந்தது. எனக்கு மில் அலுவலகத்தில் ஒரு மேசை இருந்தது. மேரிக்கு இருந்தது ரிங் பிரேம் மட்டும். "பஞ்சு இனி ஆகவே ஆகாதுன்னுட்டாருண்ணே டாக்டரு. பருத்தி உள்ள வந்தா நான் வெளிய. வேற வேல எனக்கு யாரு தருவா?" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். பிறகு குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது. டேட்டா சென்டரில் ஆயுதம் எது என்ற கேள்வி எழுந்தபோது, சுந்தரராஜன் ரேக்கைக் காட்டினார். சந்தனம் குங்குமம் வைக்க வந்தவரைத் துளைகளின் பக்கம் அண்டவிடாமல், சட்டத்தின் நான்கு மூலையில் மட்டும் பொட்டு வைக்க வைத்தவர் மேரி. மாலையும் அவர் பொறுப்பு. அண்ணன் தோட்டத்து மல்லிகையை அவரே நெருக்கமாக, தாராளமாகக் கட்டிக் கொண்டுவந்தார். இந்த வாய்ப்பு தப்பக் கூடாது என்ற வேண்டுதல் அந்த மாலையின் கனத்தில் தெரிந்தது. அதைக் கொடுத்துவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். எங்கே மாட்டுவது என்று அவரை யாரும் கேட்கவில்லை. ரேக்கின் முன்பக்கத்தில் வாகாக நீட்டிக்கொண்டிருந்த ஒரு கைப்பிடியில் சுந்தரராஜன் அதை மாட்டினார். கேபிள்கள் மடங்காமல் திரும்புவதற்காக வைத்த கைப்பிடி அது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு எண்பத்தேழாம் எண் இணைப்பின் விளக்கு சிவந்தது. வருகிறவருக்குக் காட்டுவதற்காகவே பதினைந்து நாளாக ஒரு நொடியும் அறுபடாமல் ஓடவிட்டிருந்த இணைப்பு அது. பொறியாளர்கள் கம்ப்யூட்டரை மாற்றினார்கள், அதற்குள் கேபிள் போய்ச் சேரும் அட்டையை மாற்றினார்கள், ஒருவரை ஒருவர் மாற்றிமாற்றிக் குறை சொன்னார்கள். பத்து மணிக்கு மேரி உள்ளே வந்தார். வாசலில் சென்னைக்காரரின் காரும் வந்து நின்றது.

"என்னண்ணே, எல்லாரும் எழவு வீட்டுல மாதிரி நிக்கிறீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"எண்பத்தேழு போச்சு" என்றேன்.

மேரி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. நேராக ரேக்கைப் பார்த்தார். "மாலய யாரு இதுல மாட்டுனது? ராவெல்லாம் தொங்குன கனம் தாங்காம கேபிளு கழுத்து மடங்கிக் கெடக்கு. எடுத்துரவா சார்?"

சுந்தரராஜன் குறுக்கே வந்தார். "ஐயோ, வேணாம்மா. பத்தரைக்கு மேலதான் நல்ல நேரம்னு எம்.டி. வீட்டம்மாவே குறிச்சுக் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள மாலய எறக்கி மூலையில வச்சேன்னு தெரிஞ்சா என் கத முடிஞ்சது."

"இப்ப மணி என்ன சார்?"

"பத்து அஞ்சு."

கதவு திறந்தது. தணிக்கையாளர் காலில் பிளாஸ்டிக் உறையும் கையில் குறிப்பேடுமாக வந்து, முதல் பார்வையிலேயே சிவப்பு விளக்கைக் கண்டுபிடித்தார். "இது என்ன?" என்றார். சுந்தரராஜன், "அது வந்து சார்..." என்று ஆரம்பித்து, அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாமல் நின்றார்.

மேரி இரண்டு கையாலும் மாலையைத் தூக்கி, நாலு எட்டு நடந்து, தணிக்கையாளரின் கழுத்தில் போட்டார். "வாங்க சார். நிலக்கோட்டை மல்லி" என்றார்.

மூன்று நொடியில் எண்பத்தேழு பச்சைக்கு வந்தது. மாலை மூலைக்குப் போகாமல் விருந்தாளியின் கழுத்துக்குப் போனதால் நல்ல நேரத்துக்கும் பங்கமில்லை. சுந்தரராஜன் மூச்சுவிட்டார். ஆனால் வந்தவர் தணிக்கையாளர். விளக்கைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், மேரியைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த மாலை எனக்காகக் கட்டினதா?"

சுந்தரராஜன் வேகமாகத் தலையாட்டினார். மேரி, "இல்ல சார். ரேக்குக்குக் கட்டுனது. அது தாங்கல. நீங்க தாங்குவீங்கன்னு போட்டேன்" என்றார்.

பருத்தி மூட்டைகள் வரிசையாக உள்ளே வருவது என் கண்ணுக்குத் தெரிந்தது. தணிக்கையாளர் மாலையைக் கையால் தூக்கி எடை பார்த்தார்.

"வந்ததும் எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"மாலயக் கட்டுனது நாந்தானே சார். எம்புட்டு கனம்னு எனக்குத் தெரியாதா? மாட்டுனவங்களுக்குத்தான் தெரியல."

மாட்டியவர் அப்போது கூரையில் உள்ள குளிர்காற்றுத் துளைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

தணிக்கையாளர் சிரிக்கவில்லை. நடு வரிசையில் அறுபதாம் எண்ணைக் காட்டி, அதை மட்டும் கழற்றி மறுபடி மாட்டச் சொன்னார். பக்கத்து விளக்குகள் இமைக்கக் கூடாது. மேரி குல்லாவைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினார். தணிக்கையாளர் கிட்டப் போய்க் குனிந்தார்.

"சார், செத்த நேரம் பின்னாடி நில்லுங்க. மால ரேக்குல படுது."

முப்பது வருடமாகப் பிறரைத் தள்ளி நிற்கச் சொல்லியே பழகியவர், ஓர் அடி பின்னால் போனார். அறுபது வந்தது, போனது. ஐம்பத்தொன்பதுக்கும் அறுபத்தொன்றுக்கும் அந்தச் செய்தியே எட்டவில்லை. அப்போதுதான் அவர் சிரித்தார். மாலையோடுதான் காரில் ஏறினார்.

பத்து நாளில் அவருடைய அறிக்கை வந்தது. "கேபிள்களின் மீது எந்தப் பொருளும், எவ்வளவு புனிதமானதாக இருப்பினும், தொங்கவிடப்படலாகாது" என்பது மூன்றாவது நிபந்தனை. அதை ஏற்றுக் கையெழுத்திட்டோம். அவர்களுடைய கம்ப்யூட்டர்கள் வந்தன, அவர்களைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள், பருத்தி வரவில்லை. மேரி கடைசி வரை இருமாமல் வேலை பார்த்தார். அடுத்த ஆயுத பூஜைக்கு அவர் சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னார். சுந்தரராஜன் ஒவ்வொரு வருடமும் மாலையை அவரிடம் காட்டி, அனுமதி வாங்கி, அந்த ஆணியில் மாட்டினார்.

அடக்கத்தன்று சுந்தரராஜன் நிலக்கோட்டைச் சந்தைக்கே ஆள் அனுப்பிப் பெரிய மல்லிகை மாலை வாங்கிவந்திருந்தார். பெட்டியருகே போனவர், போடாமல் நின்று, என் பக்கம் திரும்பினார். "கனமா இருக்குமோ?" என்று கேட்டார். "தாங்குவாங்க சார், போடுங்க" என்றேன். இருவருமே அழுகிற நேரத்தில் சிரித்துவிட்டோம். பார்த்தவர்கள் தவறாக எடுத்துக்கொண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஒரு வாரம் கழித்து, எண்பத்தேழாம் கேபிளை மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு மாற்ற வேண்டி வந்தது. செந்தில் பயந்துகொண்டே பக்கவாட்டு மூடியைத் திறந்தார். துணிப்பட்டையை அவிழ்த்தார். சுருட்டி வைத்திருந்த ஒரு முழம் தானாக இறங்கி வந்து கீழ்த் துளையை எட்டியது. எந்த விளக்கும் இமைக்கவில்லை. மேரி எதிர்பார்த்திருந்த எவளோ ஒருத்திக்குப் பதிலாகச் செந்தில் வந்திருந்தார். அவர் வையவில்லை.

நான் மேசைக்குத் திரும்பிப் பதிவேட்டில் அந்தப் பழைய பக்கத்தைப் புரட்டினேன். மாற்று ஏற்பாடு என்பதற்கு எதிரே இருந்த 'இல்லை'யை அடித்துவிட்டு, 'நூற்று நாற்பத்து நான்கு இடங்களில், ஒவ்வொரு முழம்' என்று எழுதி, திருத்தத்துக்குக் கீழே கையெழுத்திட்டேன்.