வடிவு நிரப்பிக் கொடுத்த பாட்டில்

கலியமூர்த்திக்கு அந்த யோசனையைச் சொன்ன பாவி நான்தான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

மண்ணூர்பேட்டையில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் அவன் பத்து வருஷமாக உலையில் நின்றான். நான் அங்கே எடை போடுகிறவன். ஆள் கல்லு மாதிரி இருப்பான், வாய் ஓயாது. வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் ஈயம் உடம்பில் தங்காது என்று முதலாளி தினம் சாயங்காலம் ஆளுக்கொன்று கொடுப்பார். நாங்களும் கரி படிந்த கையோடேயே வாங்கித் தின்போம். புத்தி கெட்ட ஜென்மங்கள்.

தொண்ணூற்றிரண்டில் அவன் வாய் அடங்கிவிட்டது. கணுக்கால் வீங்கியது. ஒருநாள் என் காதோரம் வந்து, "மூத்திரம் சோப்பு நுரை கணக்கா போவுது அண்ணாத்தே. பயமா கீது" என்றான். வருஷா வருஷம் டாக்டர் வந்து பார்க்கும் மாதம் அது. மூத்திரச் சோதனையில் கிட்னி கெட்டது தெரிந்தால் வேலை போய்விடும். போன வருஷம் இரண்டு பேரை அப்படித்தான் அனுப்பினார்கள்.

பெயர் எழுதிய பாட்டிலை முதல் நாளே கொடுத்துவிடுவார்கள். காலையில் வீட்டிலேயே பிடித்துக்கொண்டு வர வேண்டும். யார் பார்க்கப்போகிறார்கள்?

"உன் ஊட்டுக்காரி இந்தப் பக்கமே வந்ததில்ல. அவகிட்ட வாங்கி எட்தாந்துடு கலியா" என்றேன். பெரிய மூளைக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அவன் மனைவி வடிவு, எதற்கு என்று கேட்காமலே பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து டாக்டர் அவனை மட்டும் கூப்பிட்டார். திரும்பி வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னா சொன்னாரு?"

"ஈயம் எக்கச்சக்கமா கீதாம். கிட்னி அடிபட ஆரம்பிச்சிருச்சாம்." என்னை ஓரமாக இழுத்தான். "அது வடிவோடதாச்சே அண்ணாத்தே."

பட்டறை வாசலை மிதிக்காதவளுக்கு எப்படி?

"தெனம் என் சட்டைய உதறித் தொவைக்கிறவ அவதான? அந்தத் தூளெல்லாம் அவ மூஞ்சிலதான..." மேலே பேச முடியாமல் அழுதுவிட்டான்.

முதலாளிக்குச் சொல்லுமுன் இன்னொரு தரம் பார்ப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். வேறு யாரிடமாவது வாங்கி ஊற்றினால் அவன் வேலை தப்பும். வடிவின் கிட்னி மட்டும் யாருக்கும் தெரியாமல் கெட்டுக்கொண்டே போகும். வினையை விலை கொடுத்து வாங்கிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. அந்தத் திருட்டு யோசனையை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு அம்பத்தூரில் டாக்டர் வீட்டுக்குப் போனான். நானும் போனேன்.

"சார், அது என்னுது இல்ல, இவளுது. என் சட்டையத் தொவைச்சே இப்படி ஆயிட்டா. வேல போனாப் போவுது, இவளக் காப்பாத்துங்க."

வடிவுக்கு அங்கேதான் விஷயமே தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் திட்டுவார் என்று பயந்தேன். அவர் திட்டவில்லை. அவன் காலைக் குனிந்து பார்த்தார். "துணி துவைச்சவங்களுக்கே இவ்வளவுன்னா, உனக்கு எவ்வளவுய்யா இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டு, காலி பாட்டில் ஒன்றை மேசையில் வைத்தார்.

கலியமூர்த்தி அதைத் தொடவில்லை. தலையைக் குனிந்துகொண்டே நின்றான். வடிவுதான் எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"போய்ப் புடிச்சிகினு வாய்யா" என்றாள். "நான் இங்கதான் கீறேன்."