அப்பா, இனி

பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் மூடுபனி தேயிலைச் சரிவிலிருந்து இறங்கி தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் நின்றுகொள்ளும். எதிர்வீடு தெரியாது. அந்த வீட்டு நாயின் குரைப்பு மட்டும் வரும். அந்த நேரத்தில்தான் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஷாமினி பேசத் தொடங்குவாள். "அப்பா, இனி?" என்பாள். யாரோ பதில் சொல்ல இடம் விடுகிற மாதிரி சற்று நிறுத்துவாள். பிறகு புரியாத பேச்சு கொஞ்சம். மறுபடியும், "அப்பா, இனி?" நான் கேமரன் மலைக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அறையில் அவளைத் தவிர யாருமில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுடைய அப்பா இறந்து மூன்று வருடம் என்பதும் தெரியும். காய்கறி லாரி ஓட்டியவர். திரிங்காப்பிலிருந்து வரும்போது இதே போன்ற பனியில் ஒரு வளைவைத் தவறவிட்டிருக்கிறார்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். துறையூர்ப் பக்கம் அரிசி மில்லில் வேலை பார்த்தவன். பத்தாவது வரை படிப்பு. நாற்பத்தாறு வயது வரை கல்யாணம் அமையவில்லை. பெண் வீட்டார் முன்னால் எனக்கு வாயே திறக்காது. தூரத்து உறவு வழியாக மல்லிகாவின் பேச்சு வந்தது. மலேசியாவில் கொழுந்தெடுக்கிறவள், கணவனை இழந்தவள், பதினான்கு வயதில் ஒரு மகள், ஷாமினி. கிளம்பி வந்து அவளைக் கட்டிக்கொண்டேன். தேயிலை ஆலையில் காலை வேலையும் கிடைத்தது. மில் இரைச்சலிலேயே கிடந்தவனுக்கு இங்குள்ள அமைதிதான் முதலில் பயம் தந்தது. ஊரில் பக்கத்து வீட்டுச் சண்டை முழுசாகக் காதில் விழும். யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதும் தெரியும். இங்கே குரல் வருகிறது, ஆள் தெரிவதில்லை. ஷாமினி என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. காலையில் தட்டை வைத்துவிட்டு, "பசியாறலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். என்றாவது என்னை அப்பா என்பாளா என்று நான் ஏங்கியது மல்லிகாவுக்குக்கூடத் தெரியாது. அந்தச் சொல்லைத்தான் அவள் தினமும் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

மழையினால் மல்லிகா சீக்கிரம் திரும்பிய ஒரு நாள், தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. பலகையில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, அது மலாய்லா! அப்பான்னா 'என்ன'ன்னு அர்த்தம். இனின்னா 'இது'. இது என்னான்னு கேக்குது. பரீட்சைக்கு வாசிச்சுப் பழகுது. நீங்க என்னத்தங்க நெனச்சீங்க?"

அர்த்தம் தெரிந்த பிறகும் காது அதை ஏற்கவில்லை. மறுநாள் அந்தக் குரல் வந்தபோது செத்தவரிடம் பேசுகிறாள் என்றே மறுபடியும் தோன்றியது. தாங்க முடியாமல் போய் அவள் அறை வாசலில் நின்றேன்.

கட்டிலில் நாலைந்து புத்தகங்கள் கிடந்தன. மாதம் ஒருமுறை வரும் நூலக வேனில் அவள் வயதுப் பிள்ளைகளுக்கென்று கொண்டுவருபவை. கதைகளை அவள் பிற்பாடு சொன்னாள். கடலில் படகிலேயே பிறந்து எந்த நாட்டுக் குடியுரிமைத் தாளும் இல்லாத பையன் ஒன்றில். விரலால் பேசும் சீனப் பெண் ஒன்றில். விடுதியிலிருந்து காட்டுக்கே திரும்பிப் போகும் பூர்வகுடிப் பெண் ஒன்றில். என் பள்ளிப் பாடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி வீடு இருந்தது. அதில் எங்கள் வீடு இல்லை. அவள் கையில் இருந்த புத்தகத்தைக் காட்டி, "இது என்ன கதை?" என்றேன். நானாக அவளிடம் கேட்ட முதல் கேள்வி.

"சரவாக் பிள்ளை. ஆத்தோரம் வீடு. அதோட அப்பா செத்துட்டாரு. வேற தீவுலேருந்து ஒரு ஆளு வந்து வீட்டுல தங்குறாரு."

"கெட்டவரா?"

"இல்லலா. ஒன்னும் பண்ண மாட்டாரு, பேசவும் மாட்டாரு. செத்தவரு சட்டையப் போட்டுக்கிட்டுச் சும்மா வந்து நிப்பாரு. அதான் அந்தப் பிள்ளைக்குப் பயம். அவரப் பாக்குறப்பல்லாம் இது என்னான்னு கேக்கும். யாருன்னு கேக்காது."

குளிருக்கென்று மல்லிகா ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்த, இறந்துபோன லாரிக்காரருடைய ஜாக்கெட்தான் என் மேல் இருந்தது. கைப்பக்கம் பனியில் நனைந்திருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு பேய் இருப்பதாகப் பத்து நாளும் பயந்திருக்கிறேன். இந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்காமல் வந்து நின்றது யார்? ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியில அந்த ஆளு என்ன ஆவாரு?" என்றேன்.

"பாதிதான் படிச்சிருக்கேன். லைப்ரரி கார்டு முடிஞ்சிருச்சு, நாளைக்கு வேன்ல திருப்பி வாங்கிக்குவாங்க. பெரியவங்க கையெழுத்துப் போட்டாத்தான் மறுபடி தருவாங்க. அம்மா அந்நேரம் மேல மலையில இருக்கும்."

"நான் வரட்டுமா?"

ஆணியில் தொங்கிய ஜாக்கெட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "வாங்க" என்றாள்.

மறுநாள் கோயில் திடலில் வேன் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. உள்ளே இருந்த மலாய்ப் பெண்மணி என்னைப் பார்த்து, "பாப்பா?" என்றார். நான் தலையாட்டி, "ஆமா, பாப்பா" என்று ஷாமினியைக் கைகாட்டினேன். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"என்னைய இல்ல, உங்களக் கேக்குறாங்க. பாப்பான்னா மலாய்ல அப்பா." சொன்னதும் அவள் சிரிப்பு நின்றுபோனது.

கார்டைப் புதுப்பிக்கும் பாரத்தில் ஒரு கோடும் அதற்கு மேல் இரண்டு சொற்களும் இருந்தன. "இது பாப்பா. இது பெஞ்சாகா, வீட்டுல பாத்துக்கிறவரு. ஒன்ன அடிச்சிட்டு ஒன்ன வைக்கணும்," என்றாள். கோட்டில் என் பெயரை எழுதினாள். இனிஷியல் கேட்டு எழுதினாள். பேனா மேலே போய் அந்தச் சொற்களின் மேல் நின்றது. முதல் சொல்லுக்கு வந்தது, அடுத்ததற்குப் போனது. பெண்மணி ஒன்றை அடிக்கச் சொல்லி இரண்டு விரலால் வெட்டிக் காட்டி அவசரப்படுத்தினார்.

"நந்தி," என்றாள் ஷாமினி. ஆலையில் தினமும் கேட்கும் சொல். பிறகு என்று அர்த்தம்.

பேனாவை என்னிடம் நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். பெண்மணி பாரத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, பாதி படித்த புத்தகத்தை அவளிடமே தந்தார். வேன் மலையிறங்கிப் பனிக்குள் போனது. அடிக்கப்படாத இரண்டு சொற்களுக்கும் கீழே, என் பெயரும் அதில் போனது.