கிளையால் அழித்த தடம்

என் மனைவியின் தம்பி ஓர் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த பயல் என்பாள் அவள். போர் வந்தபோது வாய்த்த வேலையும் அப்படியே. படையின் தலைமையகமே இரண்டு லாரிகளுக்குள் இருந்தது. வரைபடம், ரேடியோ, அதிகாரி எல்லாம் உள்ளே. ஒரே இடத்தில் நின்றால் குண்டு விழும் என்று நகர்ந்துகொண்டே இருப்பார்கள். முதல் லாரியை ஓட்டியது இவன்.

லாரி போய் நின்றதும் மரக்கிளையால் சக்கரத் தடத்தை அழிப்பான். கிளம்பும்போதும் அழிப்பான். வானத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஒரு கோடுகூடத் தெரியாது. அதில் அவனுக்கு அலாதிப் பெருமை.

ஒருமுறை எங்கள் வீட்டையொட்டிய மரக்கிடங்கில் வந்து நின்றார்கள். அக்காவைப் பார்த்த சந்தோஷத்தில் இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டான். மறுநாள் மதியமே புறப்பட உத்தரவு. எங்கே என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. லாரியைத் தார்ச்சாலையில் ஏற்றிவிட்டு, கிளையோடு திரும்பி வந்து தடம் தெரியாமல் மண்ணைக் கூட்டினான்.

"என் வாசலை ஒரு நாளாவது இப்படிக் கூட்டியிருக்கியாடா?" என்று அவள் சிரித்தாள்.

"அடுத்த தடவை கூட்டித் தர்றேன்க்கா" என்று ஓடினான்.

அன்று சாயங்காலம் நான் பட்டறையில் இருந்தபோது விமானம் வந்தது. லாரிகள் வந்ததை எவனோ சொல்லியிருக்கிறான். போனதைச் சொல்ல நாதியில்லை. கிடங்கோடு எங்கள் வீடும் போயிற்று. அவள் உள்ளே இருந்தாள்.

லாரியும் அதிகாரியும் பத்திரம். செய்தி கேட்டு வந்தவன் வாசல் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தடத்தை விட்டுட்டுப் போயிருந்தா, நாங்க கிளம்பிட்டோம்னு மேலேருந்து பாத்தவனுக்குத் தெரிஞ்சிருக்கும் அத்தான்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். பாவிக்கு அச்சு அசலாக அவள் முகம். அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அதே இடத்தில் ஓர் அறை கட்டிக்கொண்டு இருக்கிறேன். அவன் இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறான். அவ்வப்போது வந்து தொட்டியை நிரப்பித் தருவான். புறப்படும்போது ஈர மண்ணில் லாரியை முன்னும் பின்னுமாக விட்டுப் பள்ளம் பறிப்பான். பிறகு தலையை வெளியே நீட்டுவான்.

"தடம் தெரியுதா அத்தான்?"

"தெரியுதுடா மாப்ளே. மேலேருந்து பாக்கறவனுக்கும் தெரியும். பயப்படாமப் போ."